முட்டையே தொடாத வீட்டில் புழு முட்டை

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையனுக்குப் போன வருடம் திடீரென்று வலிப்பு வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறவன். அதுவரை சளி, காய்ச்சல் தவிர எதற்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி இழுக்க, வாஷ்பேசின் பக்கத்திலேயே சரிந்துவிட்டான். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் பட்டாணி அளவுக்கு ஒரு வளையம். "புழுவோட முட்டை உள்ள போயிருக்கு" என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் வந்து அதைச் சொன்னபோது பாட்டியின் காதில் ஏறியது முட்டை என்கிற ஒரே சொல்தான். "எங்க அடுப்புல முட்டை ஏறினதே இல்லையேம்மா! பொறந்த நாள் கேக்கு கூட எக்லெஸ்தான வாங்கறோம்" என்று என்னிடம் வந்து அழுதார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. பதினாறு வருடமாக ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். ஊரார் நீட்டும் டப்பாக்களைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நிமிர்ந்து நடந்து வருவார்கள். மல டப்பா கொண்டுவருகிறவர்கள் அதை மூன்று கவரில் சுற்றி, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கவுண்டரில் வைத்துவிட்டு, எதையோ திருடியவர் மாதிரி நழுவிவிடுவார்கள். பாட்டிக்கு அன்றைக்கு அழுகைக்கு நடுவே அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இப்படி உடம்பில் குடியேறும் உயிர்களுக்குத் தமிழில் அமைந்த சொல்லே பாதி விளக்கத்தைச் செய்துவிடுகிறது. ஒட்டிக்கொண்டு உண்பது ஒட்டுண்ணி. மாமரக் கிளையில் வேறு நிறத்தில் இலை விட்டு, அந்த மரத்தின் சாற்றையே உறிஞ்சும் புல்லுருவியைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் காது மடலில் கொத்தாகத் தொங்கும் உண்ணியும் அந்த வகைதான். இன்னோர் உயிரின் மேலோ உள்ளேயோ தங்கி, அதன் செலவில் வாழ்வது. இடம் கொடுக்கும் உயிரைப் பாடப் புத்தகம் 'ஓம்புயிர்' என்கிறது. விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்பல். அழைக்காத விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்குத் தோன்றும். பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்: பத்து மாத அட்வான்ஸ் கிடையாது, அக்ரிமென்ட் கிடையாது, வாடகை கிடையாது, சாப்பாடும் நம் சமையலறையில்தான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் வைரஸும் பாக்டீரியாவும்கூட நம் செலவில் வாழ்கிறவைதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் மருத்துவத்தில் அவற்றைத் தனியாக வைத்துவிட்டார்கள். ஒட்டுண்ணி என்றால் மூன்று கூட்டம். மலேரியாக் கிருமி, அமீபா போல ஒரே ஒரு செல்லால் ஆனவை. அப்புறம் புழுக்கள். மூன்றாவது, தோலிலும் முடியிலும் குடியிருக்கும் பேன், சிரங்குப் பூச்சி போன்றவை. டெங்குவும் கொசுவால்தான் வருகிறது, ஆனால் அது வைரஸ், நம் கணக்கில் சேராது. இந்தப் பிரிவினை வெறும் பாடப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக், புழுவை ஒன்றும் செய்யாது.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஒட்டுண்ணிகளுக்கு நம்மைக் கொல்வதால் லாபம் இல்லை. வீடு இடிந்தால் குடியிருப்பவனுக்கும்தானே நஷ்டம்? அதனால் சத்தம் போடாமல் இருக்கும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் வெளிறிய நாக்கு, குழந்தை சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை என்கிற புலம்பல். அவ்வளவுதான் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மட்டுமே சுமார் 150 கோடிப் பேரிடம் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற லேபுக்கு வரவே மாட்டார்கள், வரத் தோன்றாது.

மல டப்பாவைத் திறந்தபின் நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால், மீதிக் கதை தானாக விளங்கும். தீக்குச்சித் தலை அளவுக்கு எடுத்து, கண்ணாடிச் சிலைடில் ஒரு பக்கம் உப்பு நீரிலும் இன்னொரு பக்கம் அயோடினிலும் கலக்குவேன். மேலே மெல்லிய கவர்ஸ்லிப். பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒரு மூலையில் ஆரம்பித்து, வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். செரிக்காத கீரை நார், மாவுத் துணுக்கு, கொழுப்புக் குமிழி என்று எல்லாம் கடந்து போகும். திடீரென்று ஒரு முட்டை வந்து நிற்கும். உருளைப்புழுவின் முட்டை பழுப்புப் பொன்நிறத்தில், சுற்றிலும் மேடு மேடாக, பலாப்பழத்தைச் சிறிதாக்கி வைத்தது மாதிரி இருக்கும். கொக்கிப்புழுவின் முட்டை கண்ணாடி போல ஒளி ஊடுருவும், உள்ளே நாலைந்து உருண்டைகள் தெரியும். முட்டை தினமும் ஒரே அளவில் வெளிவராது. வெவ்வேறு நாளில் மூன்று முறை கொண்டுவரச் சொல்வது அதற்காகத்தான், லேபுக்கு வசூல் சேர்க்க இல்லை.

உருளைப்புழுவை நம் பக்கத்தில் நாக்குப்பூச்சி என்பார்கள், இங்கே பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் ஜந்துஹுள என்பார்கள். பெண் புழு ஒரு அடி நீளம் வரை வளரும். ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். இவ்வளவு முட்டை இட்டும் ஒன்றுகூட அந்த வயிற்றுக்குள் பொரிக்காது. மலத்தோடு வெளியே போய், ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். அதன்பின் அழுக்குக் கையோடு, கழுவாத கேரட்டோடு இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் கதை தொடரும். போனபிறகாவது குடலில் நிம்மதியாகத் தங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. குஞ்சுப் புழு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, ஈரலைக் கடந்து நுரையீரலுக்குப் போகும். அங்கே இருமலைக் கிளப்பி, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, நாமே அதை மறுபடி விழுங்கி, குடலுக்குத் திரும்பி வரும். ஏன் இந்தச் சுற்றுப் பயணம் என்று எனக்கும் கேட்கத் தோன்றும். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் தினமும் நிற்கிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

இனிப்பு சாப்பிட்டால் பூச்சி வரும் என்று என்னையும் மிரட்டித்தான் வளர்த்தார்கள். வெல்லத்தில் இருந்து புழு பிறக்காது. முட்டை உள்ளே போனால்தான் புழு. மைசூர்பாக்கைத் தின்ற கை எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. வருடப் பரீட்சை முடிந்ததும் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். அது வயிற்றைக் கழுவித் தள்ளும், போகிற போக்கில் சில புழுவும் போகும். ஆனால் புழுவைக் குறிவைத்துக் கொல்வது அல்பெண்டசோல் மாத்திரை. புழு சர்க்கரையை உறிஞ்சுவதை அது தடுக்கிறது, பட்டினியில் புழு செத்துவிடும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் 1 வயது முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பாதி. "எங்க குழந்தை கான்வென்ட்ல படிக்குது, அதுக்கு எதுக்கு?" என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். கான்வென்ட் மைதானத்திலும் மண்தான் இருக்கிறது.

கீரிப்பூச்சி வேறு ரகம். வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். மண்ணுக்கெல்லாம் போகாது. குழந்தை தூங்கியபின் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டை இட்டுவிடும். அரிக்கும், குழந்தை சொறியும், முட்டை நகக்கண்ணில் ஏறும், விரல் வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே முட்டை தயாராகிவிடுவதால் போர்வை, தலையணை, அண்ணன் தங்கை என்று வீடு முழுக்கப் பரவும். மல டப்பாவில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்னால், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுத்து அப்படியே சிலைடில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்வோம். ஒரு பக்கம் தட்டையான சின்னச் சின்ன முட்டைகள் டேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தைக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. தாத்தா மட்டும் "எனக்கெதுக்கு" என்று நழுவினால் மறுபடி முதலில் இருந்து.

இந்த மூன்றில் எனக்கு உண்மையில் கோபம் வருவது கொக்கிப்புழு மேல்தான். அது வாய் வழியாக வரவேண்டும் என்றுகூட இல்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் போதும், பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். கடைசியில் சிறுகுடலில் போய்க் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். எந்த இனம் என்பதைப் பொறுத்து, ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 முதல் 20 மில்லி, மாதக் கணக்கில். ஏற்கெனவே மாதவிடாயாலும் பிரசவத்தாலும் இரும்புச்சத்து குறைந்த பெண்ணுக்கு இது தாங்காது. ஹீமோகுளோபின் 7, 8 என்று வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சிலர் அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வதாகக் கூச்சத்தோடு சொல்வார்கள். சாம்பல், மண், ஐஸ் என்று தின்கிறவர்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவில் இந்த விபரீத ஆசை வரும். காரணம் புழுவாக இருந்தால், இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டை சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், டேங்கர் தண்ணீரை நிரப்புவது மாதிரி.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். முட்டைகூடத் தொடாத வீட்டில் மூளைக்குள் புழு எப்படி?

இந்தப் புழு நாடாப்புழு, அதிலும் பன்றியோடு சம்பந்தப்பட்டது. வளர்ந்த புழு மனிதக் குடலில் பல மீட்டர் நீளத்துக்கு, ரிப்பன் மாதிரி, துண்டு துண்டாகக் கோத்தபடி இருக்கும். முட்டை நிறைந்த கடைசித் துண்டுகள் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை. திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைப் பன்றி தின்றால், முட்டை பொரித்து அதன் தசையில் பை பையாகத் தங்கும். அரைவேக்காட்டில் அந்த இறைச்சியைத் தின்ற மனிதருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். இதுதான் அதன் வழக்கமான வட்டம். மனிதன், பன்றி, மறுபடி மனிதன்.

கவனியுங்கள், இந்த வட்டத்தில் பன்றி இறைச்சி தின்றவருக்கு வருவது குடல் புழு. மூளைக்குப் போவது வேறு வழி. பன்றி தின்னவேண்டிய முட்டையை மனிதர் தவறுதலாக விழுங்கிவிட்டால், புழுவுக்கு வித்தியாசம் தெரியாது. நம்மையும் பன்றி என்று நினைத்து, குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய்ப் பையாகத் தங்கிவிடும். அந்த முட்டை வருவது பன்றியிடமிருந்து இல்லை, நாடாப்புழு உள்ள இன்னொரு மனிதரின் மலத்தில் இருந்து. சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரையில், கழிப்பறைக்குப் போய்வந்து சோப்பு போடாத கையால் பிசைந்த பேல்பூரியில், சட்னிக்கு மேலே தூவிய பச்சைக் கொத்தமல்லியில். சைவம், அசைவம் என்று அது பார்ப்பதில்லை. பச்சையாக அதிகம் சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துபோகும் விருஷபாவதி ஆற்றின் தண்ணீர் பைரமங்கலா ஏரிப் பக்கம் வயல்களுக்குப் பாய்வது ஊரறிந்த விஷயம். எல்லா ஊரிலும் இப்படி ஒரு விருஷபாவதி இருக்கும்.

1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இதே திகைப்பு வந்தது. பன்றி இறைச்சியை மத வழக்கப்படி தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு மூளையில் இந்தப் பை. விசாரித்ததில், வீட்டு வேலைக்கு வந்தவர்களிடமிருந்து தொற்று வந்திருக்கலாம் என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுச் சமையல்கார அக்காவைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். தனக்குப் புழு இருப்பது அவருக்கே தெரியாது. அபார்ட்மென்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறையைப் பூட்டி வைத்துவிட்டு, அவர்கள் கையால் மட்டும் சாப்பிடுகிற வழக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் முட்டைக்கோஸ் வீடியோவைப் பற்றியும் கேட்கிறார்கள். கோஸுக்குள் நெளியும் பச்சைப் புழு மூளைக்குப் போகும் என்கிற கதை. அது ஏதோ ஒரு வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சியின் குட்டி. பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான். வெந்தால் கூட்டில் கொஞ்சம் புரதம். கண்ணுக்குத் தெரிகிற புழுவுக்குப் பயந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத முட்டையை விட்டுவிடுகிறோம். உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் அந்தப் பச்சைப் புழு வெளியே வரும். நாடாப்புழு முட்டை அதற்கெல்லாம் மசியாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி உதிர்ந்து போகும். அடுப்பில் வெந்தால் முழுசாகச் செத்துப்போகும்.

மூளைக்குள் உயிரோடு இருக்கிற பை பல வருடம் ஒன்றுமே செய்யாமல் இருக்கும். இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பல ஆண்டு கழித்து வலிப்பு வருவதை 1930களில் ராணுவ டாக்டர்கள் கவனித்து எழுதினார்கள். புழு கிழடாகிச் சாகும்போதுதான் நம் உடம்பின் காவல்காரர்கள் அதைக் கண்டுபிடித்து ரகளை செய்கிறார்கள். அந்த வீக்கம்தான் ஸ்கேனில் வளையமாகத் தெரியும், வலிப்பும் அதனால்தான். வலிப்புக்கான மாத்திரையோடு சிலருக்கு அல்பெண்டசோலும், கூடவே வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டும் டாக்டர் கொடுப்பது இதனால்தான். ஸ்டீராய்டு இல்லாமல் புழுவை மட்டும் கொன்றால் ரகளை கூடிவிடலாம். அதனால் வலிப்பு வந்தவர் வீட்டில் யாரும் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிச் சுயமாகப் போடக் கூடாது. காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் ஏறத்தாழ இப்படியே தெரியும் என்பதால் டாக்டர்கள் உடனே அடித்துச் சொல்லாமல் இழுப்பார்கள். அந்த இழுப்பில் நியாயம் உண்டு. ஒட்டுண்ணியால் வரும் இந்த வலிப்பு, இந்தியா மாதிரி நாடுகளில் தடுக்கக்கூடிய வலிப்பு வகைகளில் முதல் வரிசையில் நிற்பது. காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போய் மாதக்கணக்கை வீணாக்கியவர்களையும் இதே தெருவில் பார்த்திருக்கிறேன்.

இப்போது கொசு பக்கம். நாங்களெல்லாம் இந்த ஊரில் இருப்பதற்கே ஒரு ஒட்டுண்ணிக்கும் பங்கு உண்டு. திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படை, கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் 1809 வாக்கில் பெங்களூருக்கு இடம் மாறியது. கன்டோன்மென்ட் எழுந்தது. அதோடு மெட்ராஸ் ராஜதானியில் இருந்து சிப்பாய், சமையல்காரர், தையல்காரர், கொத்தனார் என்று தமிழர்கள் வந்து அல்சூரிலும் சிவாஜி நகர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். அந்தக் காய்ச்சலைத் தமிழில் முறைக்காய்ச்சல் என்பார்கள். எவ்வளவு கவனித்து வைத்த பெயர்! ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக் குளிரும் நடுக்கமும் வரும். மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, எல்லாம் ஒரே சமயத்தில் வெடித்து வெளியே வரும். அந்த நேரத்தில்தான் நடுக்கம். சில வகைகளுக்கு 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ரத்தத்தைச் சிலைடில் பூசிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், சிவப்பணுவுக்குள் கல் பதித்த குட்டி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

1883-இல் பெங்களூரில் ராணுவ டாக்டராக இருந்த ரொனால்ட் ராஸ், தன் பங்களாவுக்கு வெளியே ஒரு தொட்டியில் கொசுப் புழு நெளிவதைப் பார்த்து, தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு அப்போது அவருக்குத் தெரியாது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார், 1902-இல் நோபல் வாங்கினார். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இன்றும் சுத்தமான தேங்கின தண்ணீரைத்தான் தேடுகிறது. மூடாத ஓவர்ஹெட் டேங்க், சம்ப், கட்டடம் எழும் இடத்தில் சிமென்ட் நனைக்கத் தேக்கிய தண்ணீர். கட்டடம் எழாத தெரு ஏதாவது இந்த ஊரில் இருக்கிறதா?

வைவாக்ஸ் என்கிற மலேரியா வகையில் ஒரு சூது உண்டு. கிருமியில் ஒரு பகுதி ஈரலில் போய்த் தூங்கிவிடும். ரத்தத்தில் இருப்பதை மருந்து கொன்றதும் காய்ச்சல் விட்டுவிடும். மாதக்கணக்கில் கழித்துத் தூங்கினது எழுந்து மறுபடி ஆரம்பிக்கும். அதைக் கொல்லத்தான் பிரிமாகுவின் மாத்திரையை 14 நாள் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும் மீதியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து மறந்துவிடுவது நம் வழக்கம். இந்த மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவும் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைவு இருக்கும், அவர்களுக்கு இது சிவப்பணுவை உடைத்துவிடும். அதற்கு முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

யானைக்கால் புழு பற்றி ஒரே ஒரு விசித்திரம். அதன் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒளிந்துகொண்டு, கொசு கடிக்க வரும் நடு இரவில்தான் கை, கால் ரத்தத்துக்கு வரும். சுகாதார ஊழியர்கள் ரத்தம் எடுக்க இரவு பத்து மணிக்குமேல் வந்து கதவைத் தட்டுவது அதனால்தான். இது சூரியனைப் பார்த்து நடப்பதில்லை, நம் தூக்கத்தைப் பார்த்து நடக்கிறது. நோயாளியைப் பகலில் தூங்கவைத்து இரவில் விழிக்கவைத்துப் பார்த்தபோது புழுவும் நேரத்தை மாற்றிக்கொண்டது. நைட் ஷிஃப்ட் கால் சென்டர்க்காரர்கள் கவனிக்க.

அமீபா, ஜியார்டியா இரண்டும் தண்ணீர் வழி. அமீபா வந்தால் சளியும் ரத்தமும் கலந்து போகும், கவனிக்காமல் விட்டால் ஈரலில் சீழ் கட்டும். ஜியார்டியா எண்ணெய்ப் பிசுக்கோடு நாற்றமடிக்கும், வயிறு உப்பும். சிலைடில் இரண்டு கண் வைத்த முகம் மாதிரி நம்மையே பார்க்கும். தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் இவை தாங்காது. ஆல்கஹால் சானிடைசர் இவற்றின் கூட்டையும் புழு முட்டையையும் அசைக்காது, சோப்பும் தண்ணீரும்தான் கழுவித் தள்ளும்.

பேயிங் கெஸ்ட் விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள் கூட்டமாக வந்து காட்டுவது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டை இடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று ராத்திரியில் அரித்துத் தள்ளும். முதல் முறை வருகிறவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிற ரூம்மேட்டும் அதைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் க்ரீமை அறையில் எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்துமுதல் கால்வரை பூசவேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒருவர் மட்டும் பூசினால் அடுத்த மாதம் மறுபடி எல்லோருக்கும்.

லேப் ரிப்போர்ட்டில் இன்னொரு வரியைப் பார்க்கச் சொல்லுவேன், இயோசினோபில். வெள்ளணுக்களில் இது வழக்கமாக 6 சதவீதத்துக்குள் இருக்கும். புழு உடம்புக்குள் அலையும்போது ஏறும். பெங்களூரில் யாருக்கு ஏறினாலும் "பூ மகரந்தம், அலர்ஜி" என்று முடித்துவிடுகிறோம். பல சமயம் அது உண்மையும்கூட. மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்த டப்பாவையும் கொடுத்துப் பார்க்கலாம்.

பெரியவர்கள் சிலர் நரம்புச்சிலந்தியை ஞாபகம் வைத்திருப்பார்கள். குளத்துத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சியோடு உள்ளே போய், ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் உடைத்து வெளியே வரும் நீளப் புழு. குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுப்பார்கள். அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், படி இறங்கிக் காலை நனைக்கும் கிணறுகளை மாற்றினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில். 2000-ஆம் ஆண்டு இந்தியாவில் அது இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நான் இந்த வேலைக்கு வருவதற்குள் புத்தகத்துப் படமாகிவிட்ட புழு அது ஒன்றுதான்.

பையனுக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை, சுண்ணாம்புப் புள்ளி மாதிரி ஒன்று மட்டும் தெரிந்தது. வலிப்பு மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டான். பாட்டி மட்டும் இப்போதெல்லாம் ரசத்துக்குக் கொத்தமல்லியை இறக்கினபின் தூவுவதில்லை, கொதிக்கும்போதே போட்டுவிடுகிறார். வாசனையே போச்சு என்று தாத்தா தினமும் சாப்பிடும்போது முணுமுணுக்கிறார்.